வாய்க்காலை வாருவதும் ஆற்றை வாருவதும்

கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்கு ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பது வழக்கம். பெரியாற்று அணை நீர் லோயர் கேம்பில் தொடங்கி, தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டி வரை 17 வாய்க்கால்களின் வழியே 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கர், தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488. பாசனத்துக்கு வினாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, மொத்தம் 120 நாள் என்று திறப்பு ஆணையில் கணக்கு பிசகாமல் எழுதப்படுகிறது. அதற்கு முந்தைய கோடையில் அதே வாய்க்கால்களில் நடக்கும் தூர்வாரும் வேலைக்கு இந்தத் துல்லியம் கிடையாது. எந்த இடத்தில் எவ்வளவு மண் எடுக்கப்படும், அது எங்கே போய்ச் சேரும், யாரைக் கேட்டு இது முடிவானது என்ற விவரம் பாசனக்காரர் கண்ணில் படும்படி ஊரில் எழுதி வைக்கப்படுவது அரிது. தண்ணீருக்கு ஆணை உண்டு, மண்ணுக்கு இல்லை என்ற இந்த நிலை தானாக வந்துவிடவில்லை. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் வண்டலை வாரும் உழைப்பும், எங்கே எவ்வளவு வாருவது என்று சொல்லும் உரிமையும் ஒரே ஊராரிடம் இருந்தன. பின்பு உழைப்பை அவர்களிடம் விட்டுவிட்டு உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. அதன் பிறகு உழைப்பும் இயந்திரத்துக்குப் போனது. கடைசியாகச் சுற்றுச்சூழல் சட்டம் வந்தபோது, ‘பராமரிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லால் தூர்வாருதலுக்கு விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு வாய்க்காலுக்குப் பொருந்தும், ஆற்றுக்கும் அணைக்கும் அப்படியே பொருந்தாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் மண்ணைப் பார்த்துவிடலாம். வருசநாட்டு மலையில் பிறந்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக இறங்கும் மூல வைகை மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். மற்ற மாதங்களில் அது வெறும் மணல் படுகை. மேற்கே இருக்கும் முல்லையாறும் சுருளியாறும் பெரியாற்று நீரால் ஆண்டின் பெரும்பகுதி ஓடுபவை. வெள்ளம் வரும்போது கனமான மணல் முதலில் தங்கும். மெல்லிய வண்டல் தண்ணீரோடு நெடுந்தூரம் போய், நீர் தேங்கும் இடத்தில் படியும். வயலுக்குப் பக்கத்து வாய்க்காலில் பெரும்பாலும் வண்டலே கிடைப்பதும், ஆற்றில் மணல் கிடைப்பதும் இதனால்தான். அணையிலும் இதே விதிதான்: நீர் நுழையும் தலைப்பகுதியில் மணல், மதகை நெருங்க நெருங்கக் களி. ஆக, தூர்வாருதல் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது மூன்று வெவ்வேறு வேலைகளை. வாய்க்காலுக்கு மனிதன் வகுத்த அகலமும் ஆழமும் சரிவும் உண்டு. அந்த அளவுக்கு மீட்பது பராமரிப்பு. ஆற்றுக்கு அப்படி வகுத்த அளவு கிடையாது. அதன் படுகை மட்டம் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டத்தையும், பாலத் தூண்களின் பிடிப்பையும், தலைமதகுகளுக்குத் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. அணையிலோ எங்கே தோண்டுகிறோம் என்பதைப் பொறுத்து வெளியே வருவது உழவனுக்கு உரமா, கட்டடத்துக்கு மணலா என்பதே மாறிவிடும்.

வாய்க்காலிலும்கூட ஆழம் கூடினால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. வாய்க்காலின் அடிமட்டம் வயல் மடையின் வாய்மட்டத்தைவிட மிகத் தாழ்ந்துவிட்டால், வாய்க்காலில் தண்ணீர் ஓடும், மடையில் ஏறாது. பொக்லைன் ஓட்டுபவர் ஒரு வாளி ஆழமாக அள்ளிய இடத்தில் தலைமடைக்காரர் கல்லும் மண்மூட்டையும் போட்டுத் தண்ணீரை உயர்த்துவார். அதனால் கடைமடைக்குத் தண்ணீர் குறையும், சண்டை வரும். கரைச் சரிவிலிருந்த கோரையையும் நாணலையும் வேரோடு வழித்தெடுத்தால் கரை பிடிமானம் இழக்கும். வாரிய மண்ணை அதே கரை விளிம்பில் குவித்தால் முதல் கனமழையில் அது வாய்க்காலுக்கே திரும்பிவிடும். இவை எதற்கும் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு இவை பாலபாடம். ஆனால் அவரிடம் கேட்காமல் போடப்படும் மதிப்பீட்டில் இவை இடம்பெறாது. அங்கே கன மீட்டரும் மணிக்கணக்கும் மட்டுமே இருக்கும்.

நீர்க்கட்டியின் இந்த அறிவு ஒரு காலத்தில் ஊர் முடிவின் பகுதியாகவே இருந்தது. மதுரையருகே வைகைப் படுகையில் கிடைத்த பாண்டியன் சேந்தனின் வட்டெழுத்துக் கல்வெட்டு மதகு அமைத்ததைப் பேசுகிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஆற்றில் நிலையான நீர்க்கட்டுமானம் இருந்ததற்கு அது சான்று. கட்டியவற்றை யார் பராமரித்தார்கள் என்பதற்கு இன்னொரு வகைச் சான்று திருவிளையாடலில் இருக்கிறது. பிட்டுக்கு மண் சுமந்த கதை மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவாக இன்றும் நடக்கிறது. வைகை பெருக்கெடுத்தபோது பாண்டியன் கரையை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறான். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை, அவளுடைய பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. பிட்டைக் கூலியாகப் பெற்று அவளுக்காகக் கூலியாளாக வந்த சிவன் வேலை செய்யாமல் பொழுதைப் போக்குகிறான். மேற்பார்வை செய்த மன்னன் பிரம்பால் அடிக்க, அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது. பக்திக்காகச் சொல்லப்படும் இந்தக் கதையைப் பாசன வரலாறாகப் படித்தால் அதில் ஒரு முழு ஏற்பாடும் தெரிகிறது: கரை குடிகளின் பொறுப்பு, பங்கு அளந்து தரப்படும், வர முடியாதவர் ஆள் அமர்த்தலாம், செய்யாதவருக்குத் தண்டனை உண்டு. கதையைக் கேட்டவர்கள் இந்த ஏற்பாட்டை அறிந்திருந்ததால்தான் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பிரம்பு யார் கையில் இருந்தது, மண்கூடை யார் தலையில் இருந்தது என்ற கேள்வி கதைக்குள்ளேயே இருக்கிறது. தமிழகத்துப் பாசன ஊர்கள் பலவற்றில் மடை திறப்பதும் தூர் எடுப்பதும் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்டன. நிலமும் சொல்லும் மேல்சாதியினரிடம் இருந்தன. எனவே ஊராரே கூடிச் செய்த இந்தப் பராமரிப்பை, அதாவது குடிமராமத்தை, கூட்டுறவின் இலட்சிய வடிவமாகக் காட்டும் எழுத்துகளை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அதே சமயம், அந்த அநீதியோடு சேர்ந்து ஒரு நல்ல அம்சமும் இருந்தது. வாரிய வண்டல் அதே ஊரின் வயலுக்குப் போனது. தவறான இடத்தில் தோண்டினால் அதன் பலனை அனுபவிப்பதும் அதே ஊர்தான். முடிவெடுத்தவர் விளைவிலிருந்து தப்ப முடியாது என்பதே அந்த ஏற்பாட்டின் காவல். அடுத்து வந்த ஆட்சி அநீதியை ஒழிக்கவில்லை, காவலை மட்டும் அகற்றியது.

அந்த மாற்றத்தின் ஆவணம் 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், அதாவது மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரி, வாய்க்கால், கரை ஆகியவற்றின் வழக்கமான பராமரிப்புக்கு ஊரார் வர வேண்டும், வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கலாம் என்றது அது. எந்த ஊரில் எது வழக்கம் என்று தீர்மானிப்பது அரசு அதிகாரியின் வேலையானது. ஊரே பேசி முடித்துவந்த ஒன்று, மேலிருந்து வரும் உத்தரவானது. நீர்நிலை அரசின் சொத்து, நீர்வரி அரசின் வருமானம், பொறியாளர் அரசின் ஊழியர் என்றான பிறகு, மண் சுமக்கும் கடமை மட்டும் ஊராரிடம் மிஞ்சியது. வருமானம் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு என்ற ஏற்பாடு நீடிக்காது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் குடிமராமத்து தளர்ந்துவிட்டது என்று அரசு அறிக்கைகள் திரும்பத் திரும்பப் புலம்புவதற்குக் காரணம் ஊராரின் சோம்பல் மட்டும்தான் என்று அந்த அறிக்கைகளே முழுமையாக நம்பியிருக்க முடியாது.

இந்தப் பின்னணியில்தான் பெரியாற்றுத் திட்டம் வந்தது. இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789இல் மேற்கு மலை நீரைக் கிழக்கே திருப்ப ஆள் அனுப்பி ஆராய்ந்ததிலிருந்து, 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று ஒதுக்கியது, 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு மதராஸ் அரசு மனம் மாறியது வரை அந்தக் கதை தேனி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்ததே. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை. பொறியாளர் பென்னிகுக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. வறண்ட நாட்டுக்கு இது வாழ்வு தந்தது என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. பள்ளத்தாக்கு மக்கள் இன்றும் பொங்கலன்று பென்னிகுக்கைக் கும்பிடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்முடைய கேள்விக்கு முக்கியமான மாற்றம் வேறு இடத்தில் நிகழ்ந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த நீருக்குத் தனிக் கால்வாய் வெட்டப்படவில்லை. அது வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து, வைகையின் இயற்கைப் படுகையிலேயே மதுரைப் பக்கத்துப் பேரணை வரை போனது. அன்று முதல் பள்ளத்தாக்கின் ஆறு, ஆறாகவும் கால்வாயாகவும் இரட்டை வேடம் பூண்டது. ஆறு எது, வாய்க்கால் எது என்ற கோடு அரசுக் கோப்புகளில் மங்கத் தொடங்கியது இங்கேதான். கால்வாய் என்று பார்த்தால் அதை வாருவது பராமரிப்பு. ஆறு என்று பார்த்தால் அது படுகையில் கைவைப்பது.

1959இல் காமராசர் திறந்துவைத்த வைகை அணை இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு அடுக்கைச் சேர்த்தது. 71 அடி நீர்மட்டம் கொண்ட அந்த அணையின் தொடக்கக் கொள்ளளவு 6,879 மில்லியன் கன அடி. இன்று நீர்வளத் துறையின் அன்றாடக் கணக்கில் முழுக் கொள்ளளவு என்று குறிக்கப்படுவது 6,091. ஏறத்தாழ 790 மில்லியன் கன அடி இடம் மண்ணுக்குப் போயிருக்கிறது. மண் வரும் வழி மூல வைகையின் மலைச்சரிவு. காடு குறைந்த சரிவில் பெய்யும் மழை மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு இறங்குகிறது. வருசநாடு, மேகமலைக் காடுகள் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானபோது வைகையின் நீர்ப்பிடிப்பைக் காப்பதும் அதன் பயன்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது அதனால்தான். அணை இழந்த இடத்தின் சுமை தேனியோடு நிற்பதில்லை. பேரணைக்குக் கீழே 45,041 ஏக்கர் இருபோகமும் 1,05,002 ஏக்கர் ஒருபோகமும் இந்த அணையை நம்பியிருக்கின்றன. வைகையின் பூர்வீகப் பாசனத்துக்கு இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை என்று மாவட்டவாரியாகப் பங்கு உண்டு. ஆகவே வைகை அணையைத் தூர்வாருவதில் ‘பொதுமக்கள்’ என்றால் ஆண்டிபட்டிக்காரர் மட்டும் அல்லர். ஐந்து மாவட்டத்து உழவரும் மதுரை நகரக் குடிநீர்க் குழாய்க்காரரும் சேர்ந்தவர்களே அந்தப் பொது. ஆனால் பெரியாற்று ஏரியில் தூர்வார வேண்டும் என்ற பேச்சு எழும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 104 அடிக்குக் கீழே நிற்கும் நீர் சுரங்கத்துக்கு எட்டாது. அந்த மட்டத்துக்குக் கீழே படிந்த மண்ணை எடுத்தாலும் நமக்குக் கூடுதலாக ஒரு சொட்டு வராது. எந்த அணையில் எந்த மட்டத்தில் படிந்த மண் எந்த நீரைத் தடுக்கிறது என்ற கேள்விக்கு அளந்து விடை காண்பதே ஆய்வு. அந்த விடை இல்லாமல் போடப்படும் கோடிகள் வெறும் அறிவிப்பு.

இத்தகைய கேள்விகளைத் திட்டத்துக்கு முன்பே கேட்க வேண்டும் என்ற கொள்கை உலகில் சட்டமானது 1970ஐ ஒட்டித்தான். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், வாரிய மண்ணை நீர்நிலையில் கொட்டுவதற்கு அனுமதியும் பொது அறிவிப்பும் வேண்டும் என்றது. வாருவதைப் போலவே கொட்டுவதும் விளைவுள்ள செயல் என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994இல் வந்தது. பொதுமக்கள் கருத்துக்கேட்பு 1997இல் கட்டாயமானது. 2006 செப்டம்பர் 14 அன்று புதிய அறிவிக்கை வந்தது. அதில் துறைமுகத் தூர்வாரலுக்கு 2009இல் சேர்க்கப்பட்ட ஒரு குறிப்பு கவனிக்கத் தக்கது. புதிதாக ஆழப்படுத்துவதற்கு அனுமதி வேண்டும். பராமரிப்புத் தூர்வாரலுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது முதல் திட்டத்திலேயே இடம்பெற்று, அதற்கென மேலாண்மைத் திட்டம் தயாரித்து, அனுமதியும் பெற்றிருந்தால் மட்டுமே. அதாவது ஒருமுறையாவது ஆராய்ந்த பிறகே பராமரிப்பு என்ற பெயர் செல்லும். ஆறுகளுக்கு நடந்தது வேறு. 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறு கனிமச் சுரங்கங்களுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அதையொட்டி 2016 ஜனவரி 15 அன்று வந்த திருத்தம் சில வேலைகளுக்கு விலக்குப் பட்டியல் போட்டது. அணை, நீர்த்தேக்கம், தடுப்பணை, ஆறு, கால்வாய் ஆகியவற்றைப் பராமரிப்புக்காகவும் பேரிடர் மேலாண்மைக்காகவும் தூர்வாருவது அந்தப் பட்டியலில் இருந்தது. 2020 மார்ச் 28 அன்று வந்த திருத்தத்திலும் அது தொடர்ந்தது. அளவுக்கு உச்சவரம்பு இல்லை, முதலில் ஒருமுறை ஆராய்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 1895இல் திறந்த அணைக்கும் 1959இல் திறந்த அணைக்கும் அப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கவே முடியாது. துறைமுகத்துக்கு வைத்த அளவுகோலை வைகைக்கு வைத்திருந்தால் வைகைக்கு விலக்கு கிடைத்திருக்காது.

இந்தப் பட்டியலின் பலவீனத்தை உச்ச நீதிமன்றமே பக்கத்து வரியில் சுட்டிக்காட்டியிருக்கிறது. சாலை, குழாய் போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு மண் எடுப்பதற்கு 2020இல் தரப்பட்ட விலக்கை 2024 மார்ச் 21 அன்று அது ரத்து செய்தது. எவ்வளவு மண், எவ்வளவு பரப்பு என்ற வரையறை இல்லை, பொதுமக்களின் ஆட்சேபத்தைக் கேட்காமலே விலக்கு தரப்பட்டது என்பவை காரணங்களில் அடங்கும். தூர்வாரல் பற்றிய வரி அந்த வழக்கில் கேள்விக்கு உள்ளாகவில்லை, அதனால் அது நிற்கிறது. ஆனால் சொன்ன குறைகள் அதற்கும் பொருந்துகின்றன. ஒரு வேலையை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதே அதற்கு எவ்வளவு ஆய்வு என்பதை முடிவு செய்யும் என்பதைத் தேனி மாவட்டம் வேறொரு வழக்கிலும் கண்டிருக்கிறது. பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் அனுமதியை 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. கேரளத்தின் மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கும்போது அதை உரிய வகையில் வைத்துப் பார்க்கவில்லை என்பது முக்கியக் காரணம். ஆய்வகத்தை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்றுதான்: வகை பிசகினால் பின்னால் வருவது எல்லாம் பிசகும்.

சட்டம் இப்படி வழிவிட்ட நேரத்தில் தமிழ்நாட்டில் குடிமராமத்து மீண்டும் வந்தது. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கிய திட்டத்தில் முதல் தவணையாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் எடுக்கப்பட்டன. பத்தில் ஒரு பங்கைப் பாசனக்காரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது விதி. அதே ஆண்டு மே மாதம் மேட்டூர் அணையில் வண்டல் எடுக்க உழவருக்கு அனுமதி கிடைத்தது. ஏரி, குளங்களின் வண்டலை வயலுக்கு இலவசமாக எடுக்க, நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டத் தொழிலுக்கு 60 என்று வரம்பு வைக்கப்பட்டது. 2024இல் அந்த அனுமதி வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கும்படி எளிதாக்கப்பட்டது. வண்டல் வயலுக்கே திரும்புவது பழைய ஏற்பாட்டின் நல்ல பாதி. அதை வரவேற்க வேண்டும். ஆனால் மண்ணின் பெயரை மாற்றினால் மணலும் அதே அனுமதிச்சீட்டில் போகும் என்பதும் அனுபவம். சவுடு என்ற பேச்சுவழக்குப் பெயரில் கொடுத்த அனுமதிகள் மணல் கொள்ளைக்கு மறைவாவதைக் கண்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மண்ணின் உள்ளடக்கத்தைச் சோதிக்காமல் அப்படி அனுமதி தரக்கூடாது என்று சொல்ல நேர்ந்தது. அணையின் தலைப்பகுதியில் மணல், மதகருகே களி என்ற விதியை இதோடு சேர்த்துப் பார்த்தால் வைகை அணையில் எங்கே தோண்டச் சொல்லி நெருக்கடி வரும் என்று ஊகிக்கக் கடினமில்லை.

இந்த வாதத்துக்கு எதிராக நியாயமான ஆட்சேபங்கள் உண்டு. முதலாவது, காலம். தண்ணீர் நின்ற பிறகு ஜூன் வரை கிடைப்பது சில வாரங்கள்தான், அதற்குள் ஆய்வும் கூட்டமும் வைத்தால் வேலை எப்போது நடக்கும் என்பது உழவரின் கவலை. ஆனால் அந்த இடைவெளி ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே நாளில்தான் வருகிறது. திடீரென்று வருவது வெள்ளம், கோடை அல்ல. வாய்க்காலின் மூல அளவுகளை ஒருமுறை அளந்து ஊராட்சியில் வைத்துவிட்டால் அடுத்த ஆண்டுகளில் ஆய்வே தேவையில்லை, ஒப்பிட்டால் போதும். முழு மதிப்பீடும் கருத்துக்கேட்பும் ஆற்றுக்கும் அணைக்கும் மட்டுமே வேண்டும். அணையில் அறுபது ஆண்டுக்கு மேல் படிந்த மண்ணுக்கு ஓராண்டு ஆராய்வது தாமதம் ஆகாது. கரை உடையும் நெருக்கடி என்றால் உடனே செயல்படும் அதிகாரம் இருக்கட்டும், செய்தபின் கணக்கை ஊரில் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதோடு இருக்கட்டும்.

இரண்டாவது ஆட்சேபம், இது பொறியாளர் முடிவு செய்ய வேண்டியது, ஊராருக்கு என்ன தெரியும் என்பது. படுகைச் சரிவைக் கணக்கிடப் பொறியாளர்தான் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த மடையில் தண்ணீர் ஏறவில்லை, எந்த ஓடையில் கம்பம், சின்னமனூர் நகரங்களின் கழிவு கலக்கிறது, எந்தக் கரை சென்ற மழையில் கசிந்தது என்பவை வரைபடத்தில் இல்லாத தகவல்கள். நிபுணத்துவம் என்ற பெயரில் யாரையும் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வைகை அணையே சாட்சி. 2017 ஏப்ரலில் நீர் ஆவியாவதைத் தடுக்க அணைநீரின்மேல் தெர்மாகோல் அட்டைகள் மிதக்கவிடப்பட்டன, காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது. நாடே சிரித்தது, சிரித்ததோடு விட்டுவிட்டோம். முன்கூட்டியே திட்டத்தை வெளியில் வைத்திருந்தால் கரையோர மீனவர் ஒருவரே அதன் முடிவைச் சொல்லியிருப்பார்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. ஊர்க்கூட்டம் என்றால் ஊரில் செல்வாக்குள்ளவர் கூட்டம்தானே, பழைய பிரம்பு புதிய கையில் வருவதற்கா இத்தனை பேச்சு? 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உழவர் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் நிலம் இல்லாதவருக்கு இடமில்லை என்பது உண்மைக் குறை. மண்வேலைக்குப் போகும் பெண்கள், ஆற்றங்கரையில் ஆடு மேய்ப்பவர், அணையில் மீன் பிடிப்பவர், கடைமடைக் குத்தகைதாரர் ஆகியோர் அந்தச் சங்கத்தில் பேச முடியாது. ஆனால் இதிலிருந்து யாரையும் கேட்க வேண்டாம் என்ற முடிவு வராது. நிலம் பார்க்காமல் வாக்காளர் அனைவருக்கும் இடமுள்ள கிராம சபையில் வைத்துப் பேச வேண்டும் என்ற முடிவே வரும். 1858ஆம் ஆண்டுச் சட்டம் ஊரை உழைப்பாளியாக மட்டும் பார்த்தது, 2017ஆம் ஆண்டுத் திட்டம் ஊரைப் பங்குத்தொகை கட்டுபவராகப் பார்த்தது. ஊரை முடிவெடுப்பவராகப் பார்ப்பது மட்டும் இன்னும் பாக்கி.

அதற்குப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. ஜூன் நீர்திறப்புக்கு அது பத்து வாரம் முன்னால் வருகிறது. அந்த நாளில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை ஒவ்வொரு ஊராட்சியிலும் நீர்வளத் துறை ஒரு தாளை வைக்கட்டும். எந்த வாய்க்காலில் எந்த இடம் முதல் எந்த இடம் வரை வாரப்படும், மூல அளவு என்ன, இப்போதைய அளவு என்ன, எத்தனை கன மீட்டர் வெளியே வரும், அது வண்டலா மணலா என்ற சோதனை முடிவு, யாருடைய வயலுக்கு அல்லது எந்தக் கிடங்குக்கு அது போகும் என்ற ஆறு விவரங்கள் அதில் இருந்தால் போதும். ஆற்றையோ வைகை அணையையோ தொடுவதென்றால் முழு மதிப்பீட்டு அறிக்கை தமிழில் வெளிவந்து, கருத்துக்கேட்பு ஆண்டிபட்டியில் ஒன்றும் கடைமடையான இராமநாதபுரத்தில் ஒன்றுமாக நடக்கட்டும். அரசு தானாகத் தராவிட்டால் கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேட்கும் உரிமை இந்தப் பள்ளத்தாக்கின் ஊராட்சிகளில் ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. வருகிற மார்ச் 22 அன்று அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் 14,707 ஏக்கருக்கும் நீர் பாய்ச்சுகிறவர்கள்தாம்.